முத்தமிழ் விழாவை நிறுத்தாதீர்கள், பொன்னாடையை நிறுத்துங்கள்



நமது ஊரவர்களுக்கும், கல்லூரியின் பெற்றோருக்கும், பழைய மாணவர்களுக்கும்,

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். முழுவதும் வாசிக்காமல் கருத்துப் போட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கடந்த வாரம் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு பிரேரணை வந்தது. தமிழ்த்துறை வருடா வருடம் நடத்தும் முத்தமிழ் விழாவையும், மாதத்துக்கு ஒருமுறை பிரதான மண்டபத்தில் நடத்தும் பகிரங்கச் சொற்பொழிவையும் நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் அது. காரணம் மூன்று சொன்னார்கள். ஒன்று, பிள்ளைகளின் படிப்புக் கெடுகிறது. இரண்டு, முத்தமிழ் என்பது நமது கலாசாரம் இல்லை. மூன்று, வயது வந்த பெண் பிள்ளைகள் மேடை ஏறுகிறார்கள். முடிவு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அன்று இரவே வட்ஸ்அப் குழுக்களில் குரல் பதிவுகள் சுற்றத் தொடங்கின. அவற்றில் ஒன்று ஏழு நிமிடம். "நமக்கும் தமிழுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு சகோதரர் கேட்கிறார். ஏழு நிமிடமும் நல்ல தமிழில், ஓரிடத்திலும் தடுமாறாமல் கேட்கிறார். அந்தப் பேச்சை அவர் எங்கே பழகினார் என்று எனக்குத் தெரியும். இதே மண்டபத்தில், இதே மேடையில்தான்.

நான் அந்தத் துறையில் படிப்பிக்கிறவன். விழாக் குழுவிலும் பல வருடம் இருந்திருக்கிறேன். ஆகவே மற்றவர்களுக்குப் பதில் சொல்ல முன்னர், எங்கள் பக்கத்துக் குற்றத்தை நானே சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் மிச்சத்தைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

சென்ற வருட விழாவில் மேடைக்குப் பின்னால் நிகழ்ச்சி ஒழுங்கு என்னுடைய பொறுப்பு. கையில் ஒரு கொப்பி வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் எழுதினேன். அந்தக் கொப்பி இன்னும் என் மேசையில் கிடக்கிறது.

அழைப்பிதழில் 8.30 என்று போட்டிருந்தோம். பிரதம அதிதி வந்தது 10.05க்கு. அதுவரை பேண்ட் வாத்தியப் பிள்ளைகள் தடித்த உடுப்போடு வாசலில் வெயிலில் நின்றார்கள். கிராஅத்தும் கீதங்களும் முடிய 10.25. வரவேற்புரை 15 நிமிடம். தலைமையுரை 20 நிமிடம். அதிதிகள் ஐந்து பேரின் உரை, இடையில் ளுஹர் பாங்குக்கு ஒலிபெருக்கியை நிறுத்திய நேரத்தையும் சேர்த்து, 1 மணித்தியாலம் 20 நிமிடம். பொன்னாடை, நினைவுச் சின்னம், குழுப்படம் எல்லாம் 45 நிமிடம். மலர் வெளியீடு, முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று இன்னும் 25 நிமிடம். மாணவர் நிகழ்ச்சி தொடங்கும்போது 1.30 ஆகிவிட்டது. வாசலில் வான்காரர்கள் ஹோன் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். 14 நிகழ்ச்சிகளில் 5 நடந்தன. பிள்ளைகளின் விழாவில் பிள்ளைகளுக்குக் கிடைத்தது 25 நிமிடம்.

பதினொரு பொன்னாடை போர்த்தினோம். ஒன்றுகூட ஒரு மாணவரின் தோளுக்குப் போகவில்லை. மேடையில் இருந்தவர்களுக்கு கட்லட், ரோல்ஸ், குளிர்பானம். கீழே இருந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பணிஸ். மலரில் முதல் 22 பக்கங்களும் வாழ்த்துச் செய்தி. மாணவர் ஆக்கம் 9 பக்கம். அந்த வாழ்த்துச் செய்திகளில் நான்கை எழுதிக் கொடுத்தது நான். கையெழுத்து மட்டும்தான் அவர்களுடையது.

மாதாந்தச் சொற்பொழிவும் இதே கதைதான். பேச்சாளர் ஒன்றே முக்கால் மணித்தியாலம் பேசுவார். உயர்தர மாணவர்களைக் கதிரை நிரப்ப இருத்துவோம். முடிவில் நன்றியுரை. ஒரு பிள்ளையாவது எழும்பி ஒரு கேள்வி கேட்டதை நான் அநேகமாகக் காணவில்லை. கேட்க நாங்கள் இடம் விடுவதில்லை.

அன்று விடுபட்ட ஒன்பது நிகழ்ச்சிகளில் ஒன்று, தரம் 9 மாணவி ஒருவரின் பேச்சு. நான்கு நிமிடம். தலைப்பு, அறிஞர் சித்திலெப்பை. மூன்று கிழமை ஆயத்தம் செய்திருந்தாள். அவளுடைய உம்மம்மா பேத்தியின் பேச்சைக் கேட்க என்று எட்டு மணிக்கே வந்து பின்வரிசையில் இருந்தார். 1.50க்கு அந்தப் பிள்ளையிடம் போய் "நேரமில்லை மகள், அடுத்த வருடம் பார்ப்போம்" என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். கடதாசியை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். வாசலில் உம்மம்மா என்னை மறித்துக் கேட்டார்: "ஏன் சேர், எங்கட புள்ள பேசல்லியா?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

ஆகவே, விழாவில் நேரமும் காசும் வீணாகிறது என்று கூட்டத்தில் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கையில் அந்த ஆயுதத்தைக் கொடுத்தது நாங்கள். ஆனால் அதற்கு அவர்கள் சொல்கிற வைத்தியம் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை. அதிதிகள் தின்ற நேரத்துக்குத் தண்டனை பிள்ளைகளுக்கா?

இனி அந்த மூன்று காரணங்களுக்கு வருகிறேன். "நமது கலாசாரம் இல்லை" என்பதை முதலில் எடுக்கிறேன். மற்ற இரண்டுக்கும் வேர் அதுதான்.

வெள்ளிக்கிழமை குத்பா எந்த மொழியில் கேட்கிறோம்? நிக்காஹ் மஜ்லிஸில் மாப்பிள்ளைக்கு உபதேசம் எந்த மொழியில்? பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் எந்த மொழியில்? உம்மா நம்மைத் தாலாட்டியது எந்த மொழியில்? பிறந்ததிலிருந்து மவுத்து வரைக்கும் தமிழில் வாழ்ந்துவிட்டு, அதற்கு ஒரு விழா எடுக்கும்போது மட்டும் அது பிறத்தியார் சாமானாகிவிடுமா?

சூரா இப்றாஹீமின் நான்காவது வசனத்தை மௌலவிமார் எனக்கு விளக்கத் தேவையில்லை, நான் அவர்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன். எந்தத் தூதரும் தமது சமூகத்தின் மொழியிலேயே அனுப்பப்பட்டார், தெளிவாக எடுத்துச் சொல்வதற்காக. சூரா றூமின் இருபத்திரண்டாவது வசனம் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் ஒன்றாகச் சொல்கிறது. றஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் கவிஞர் ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரழி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியில் மிம்பர் வைத்துக் கொடுத்தார்கள். பள்ளிவாசலுக்குள் கவிதைக்கு மேடை கிடைத்த மார்க்கம் இது. பாடசாலை மண்டபத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்ல நாம் யார்?

முத்தமிழ் என்ற சொல்லைக் கேட்டதும் சிலருக்குக் குத்துவிளக்கு ஞாபகம் வருகிறது. எங்கள் விழா என்றைக்கும் கிராஅத்தோடுதான் தொடங்கியிருக்கிறது. இயல், இசை, நாடகம் என்ற மூன்றும் ஒரு மதத்தின் பெயர்கள் இல்லை. அந்த மூன்றிலும் நமக்குப் பங்கு உண்டு. உமறுப்புலவரின் சீறாப்புராணம் நபிகளாரின் வரலாற்றை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களில் சொல்லும் தமிழ்க் காப்பியம். கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்ற இலக்கிய வடிவங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் முஸ்லிம் புலவர்கள். அறபு எழுத்தில் தமிழை எழுதி, பள்ளிக்கூடம் போகாத பெண்களையும் வாசிக்க வைத்தது நமது சமூகம். வயலுக்குள்ளும் அடுப்படியிலும் நமது பெண்கள் கட்டிய கவிகள், பொல்லடி, றபான், கல்யாண வீட்டுக் குரவை, இவையெல்லாம் எந்த ஊர்ச் சாமான்? நமது மூத்தம்மாமாரைக் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பிள்ளை பேச இருந்த சித்திலெப்பையையே எடுப்போம். கண்டியில் 1838இல் பிறந்தவர். சட்டத்தரணி. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் அவர் வெளியிட்ட 'அசன்பேயுடைய சரித்திரம்' இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல் என்று இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். பின்னர் கொழும்பு சாஹிரா கல்லூரியாக வளர்ந்த மத்ரஸா 1892இல் ஆரம்பமாகக் காரணமானவர்களிலும் அவர் ஒருவர். முஸ்லிம்களின் கல்விக்காகப் போராடியவரும் தமிழில் நாவல் எழுதியவரும் ஒரே ஆள். அவருக்கு இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை. நமக்கு மட்டும் ஏன் மோதுகிறது?

அதே சாஹிராவில், ஏ.எம்.ஏ. அஸீஸ் அதிபராக இருந்த காலத்தில், பேராசிரியர் கா. சிவத்தம்பி ஆசிரியராக இருந்தார். அவர் அங்கே படித்த மாணவரும்கூட. பேராசிரியர் ம.மு. உவைஸ் தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் செய்த தொண்டை ஆராய்ந்து எழுதி, பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக இருந்தார். 1966இல் நமது கிழக்குக் கரையில், மருதமுனையில், இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு நடந்தது. அன்றைக்கு இன்றிருக்கும் வசதி எதுவும் இல்லை. கல்முனைக்குடியில் பிறந்த பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் எழுதிய 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' எங்கள் துறையின் மேசையில் இருக்கிறது. இந்த நாட்டின் தமிழ் மாணவர்களும் அதை வைத்துத்தான் படிக்கிறார்கள். பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பைக் கேட்டுத் தமிழ் பழகியவர்கள் கடலுக்கு அந்தப் பக்கமும் இருக்கிறார்கள்.

அரசியல் பேசுகிற சகோதரர்களுக்கு இன்னொன்று. நீங்கள் கடையிலும் வீட்டிலும் படம் மாட்டி வைத்திருக்கிற மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் ஒரு கவிஞர். அவருடைய கவிதைத் தொகுதியின் பெயர் 'நான் எனும் நீ'. முஸ்லிம்களுக்குத் தனிக் கட்சி கட்டியவர் தன் மனதைத் தமிழில்தான் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

கூட்டத்தில் யாரும் வாய் திறந்து சொல்லாத, ஆனால் எல்லோர் மனதிலும் கிடக்கிற ஒரு விஷயமும் உண்டு. அதையும் பேசிவிடுவோம். 1990. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் சுடப்பட்டார்கள். அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டார்கள். அதைச் செய்தவர்களும் தமிழ் பேசினார்கள். அந்தக் காயம் எனக்கும் உண்டு. அதை மறக்கச் சொல்லி நான் எழுதவில்லை.

ஆனால் விரட்டப்பட்டவர்களும் தமிழில்தான் அழுதார்கள். அகதி முகாமில் அவர்கள் பிள்ளைகளுக்குப் படிப்பித்ததும் தமிழில்தான். துப்பாக்கி வைத்திருந்தவனின் குற்றத்தை மொழியின் தலையில் கட்டினால், அவன் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட வீடு வாசலோடு மொழியையும் நாமாகவே கொண்டுபோய்க் கொடுத்ததாகும்.

நாம் இனத்தால் தமிழர் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் அப்படி வாதிட்டபோது, 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு எழுதினார். நாம் சோனகர், நாம் முஸ்லிம்கள். அந்த விவாதம் வேறு. ஒரு மொழி சொந்தமாக இருப்பதற்கு, அதைப் பேசும் எல்லோரோடும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பெப்ரவரி 21ஐ உலகம் தாய்மொழி தினமாகக் கொண்டாடுகிறது. அது எப்படி வந்தது தெரியுமா? 1952இல் டாக்காவில், உருது மட்டும்தான் அரச மொழி என்றபோது, வங்காள மொழிக்காகத் தெருவில் இறங்கிய மாணவர்கள் பொலிஸ் சூட்டில் இறந்தார்கள். ஸலாம், பரகத், ரஃபீக், ஜப்பார். பெயர்களைப் பாருங்கள். தாய்மொழிக்கு உயிர் கொடுத்தவர்களின் பட்டியலில் இருப்பவை நமது வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கள். அவர்களிடம் போய் "மொழி நமது கலாசாரம் இல்லை" என்று சொல்வீர்களா?

அடுத்தது, பெண் பிள்ளைகள்.

ஒழுக்கத்தில் எனக்கும் அக்கறை உண்டு. எனக்கும் மகள் இருக்கிறாள். ஆடல் பாடல் வேண்டாமென்றால் வேண்டாம். வாத்தியம் பற்றி உலமாக்கள் சொல்வதைக் கேட்போம். பேச்சுக்கும் விவாதத்துக்கும் கவிதைக்கும் கதை வாசிப்புக்கும் வாத்தியம் தேவையில்லை. ஆனால் பிரேரணையில் இருந்தது அது இல்லை. பெண் பிள்ளை மைக்கின் முன்னால் நிற்கவே கூடாது என்பதுதான். ஆயிஷா (ரழி) அவர்களிடம் ஸஹாபாக்கள் போய்ச் சந்தேகம் கேட்டுத் தெளிந்தார்கள். அவர்கள் அறிவித்த ஹதீஸ்கள் இரண்டாயிரத்துக்கு மேல். அந்த வாய் பேசாமல் இருந்திருந்தால் நமது மார்க்க அறிவில் எவ்வளவு இல்லாமல் போயிருக்கும்?

காதி நீதிமன்றத்தின் வாசலை ஒரு தரம் எண்ணிப் பாருங்கள். அங்கே சட்டத்தரணி ஆஜராக முடியாது. ஒரு பெண் தனக்கு நடந்ததைத் தன் வாயால்தான் சொல்ல வேண்டும். எத்தனை மாதம் செலவுக்குக் காசு வரவில்லை, எப்போது வீட்டை விட்டு அனுப்பினார்கள், யார் சாட்சி என்று ஒழுங்காக எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாமல் அழுதுகொண்டு திரும்பி வந்த பெண்கள் நமது ஊரில் இல்லையா? நமது குடும்பங்களில் இல்லையா? நாலு பேர் முன்னால் நிதானமாக நான்கு நிமிடம் பேசுகிற பழக்கத்தை ஒரு பிள்ளைக்குப் பாடசாலை கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பது? தன் ஆசிரியைகளும் உம்மாவும் உம்மம்மாவும் பார்த்துக்கொண்டிருக்கும் மண்டபத்தைவிடப் பாதுகாப்பான இடம் எது?

கடைசியாக, படிப்பு.

சாதாரண தரத்தில் தாய்மொழி கட்டாய பாடம். அந்த விடைத்தாள்களைத் திருத்துகிறவர்களுக்குத் தெரியும் நிலைமை. முப்பது பிள்ளைகள் ஒரே கட்டுரையை எழுதுகிறார்கள். ரியூசன் நோட்ஸில் மனப்பாடம் செய்த அதே முன்னுரை, அதே முடிவுரை. தலைப்பைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் பேனை ஓடாது. சொந்தமாக ஒரு வசனம் கட்டத் தெரியாத பிள்ளைக்கு விஞ்ஞானத்திலும் வரலாற்றிலும் விளக்கம் எழுத எங்கிருந்து வரும்? பேசிப் பழகிய பிள்ளைதான் எழுதும். வருடத்தில் ஒரு நாள், மாதத்தில் ஒரு மணித்தியாலம், இதுதான் நாங்கள் கேட்கிற நேரம். ரியூசனுக்குப் போய்வர பஸ் தரிப்பிடத்தில் நிற்கிற நேரம் இதைவிடக் கூட.

பரீட்சைக்குப் பிறகும் வாழ்க்கை இருக்கிறது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1987இல், பதின்மூன்றாவது திருத்தத்தில், தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது. எழுதப்பட்டதே தவிர, அலுவலகத்தில் படிவம் சிங்களத்தில் வருகிறது. முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி "இதில் ஒப்பமிடு" என்கிறார்கள். "எனக்கு இதைத் தமிழில் தாருங்கள், அது என் உரிமை" என்று சொல்ல ஒரு பிள்ளைக்குத் துணிவு வேண்டும். தமிழ் தன்னுடையது இல்லை என்று சொல்லி வளர்த்த பிள்ளை எந்த வாயால் அந்த உரிமையைக் கேட்கும்?

இந்த நிகழ்வுகள் எப்படி இருக்கலாம் என்பதற்கு எங்கள் மண்டபத்திலேயே ஒரு சாட்சி உண்டு.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாதம், அழைத்த பேச்சாளர் வரவில்லை. மண்டபத்தில் பிள்ளைகள் நூறு பேரளவில் இருக்கிறார்கள். ஒரு மாணவனுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டு வந்த அவனுடைய மூத்தவாப்பா வாசலில் நின்றார். நாற்பது வருடம் வயல் செய்தவர். "நீங்க வயலப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன் காக்கா" என்று நாங்கள் கேட்டோம். முதலில் மறுத்தார். பிறகு கதிரையில் இருந்துகொண்டே தொடங்கினார். வட்டை, வட்டவிதானை, முல்லைக்காரன், களவெட்டி, சூடடிப்பு, பொலி, அவணம், மரக்கால். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கதை சொன்னார். களவெட்டிக்குள் நெல்லை ஏன் பொலி என்று சொன்னார்கள், எந்தச் சொல்லை அங்கே சொல்லக் கூடாது என்றார். பிள்ளைகள் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினார்கள். கேட்டுக்கொண்டிருந்த ஒரு மீன்பிடிக் குடும்பத்துப் பையன் எழும்பி, கச்சான் காற்றைப் பற்றி அவர் சொன்னது கடற்கரையில் அப்படி இல்லை என்றான். கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று நாலு காற்றையும் பிரித்துச் சொன்னான். கரைவலையின் மடி எது என்று கரும்பலகையில் கீறிக் காட்டினான். வகுப்பில் வாய் திறக்காத பையன் அவன். மணி அடித்த பிறகும் யாரும் எழும்பவில்லை.

அன்று பொன்னாடை இல்லை, படம் இல்லை, முகநூலில் ஒரு பதிவும் இல்லை. அந்த வருட அறிக்கையில் அந்த நாளுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "பேச்சாளர் வருகை தராமையால் நிகழ்வு நடைபெறவில்லை."

நான் இருபது வருடத்தில் பார்த்த மிக நல்ல நிகழ்வு, அறிக்கையின்படி நடக்கவே இல்லை. நமது வியாதி என்ன என்பதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

ஆகவே, அடுத்த கூட்டத்தில் நான் முன்வைக்கப் போவதை இங்கேயே எழுதுகிறேன்.

1. பொன்னாடை, மாலை, நினைவுச் சின்னம் முற்றாக நிறுத்தப்பட வேண்டும். அந்தக் காசுக்கு நூலகத்துக்குப் புத்தகம் வாங்குவோம்.

2. அரசியல்வாதி எந்தக் கட்சியாக இருந்தாலும் மேடைக்கு வேண்டாம். பெற்றோராக வந்தால் பெற்றோரோடு இருக்கட்டும். கதிரை உண்டு.

3. சொன்ன நேரத்துக்குத் தொடங்க வேண்டும். யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. பெரியவர்களின் உரை எல்லாமாகச் சேர்த்து 30 நிமிடம். மிச்சம் பிள்ளைகளுக்கு.

4. மாதாந்தச் சொற்பொழிவு 30 நிமிடம், மாணவர் கேள்வி 30 நிமிடம். கேள்விக்கு இடம் தராத பேச்சாளரை அழைக்க வேண்டாம்.

5. வருடத்தில் பாதிப் பேச்சாளர்கள் நமது ஊரவர்களாக இருக்கட்டும். விவசாயி, மீனவர், நெசவு தெரிந்தவர், மருத்துவிச்சி, கவி தெரிந்த மூத்தம்மாமார். பெண்களுக்கென்று தனியாக ஓர் அமர்வு வேண்டுமென்றால் அதையும் செய்வோம். அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். அவர்களில் பலருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பிறகு கேட்க ஆள் இருக்காது.

6. மலரில் வாழ்த்துச் செய்தி ஒரு பக்கம். அதிபருடையது மட்டும். மற்றப் பக்கமெல்லாம் மாணவர் ஆக்கம்.

7. உலமாக்களிலிருந்து ஒருவர் விழாக் குழுவில் இருக்க வேண்டும். வெளியில் நின்று குறை சொல்வதைவிட உள்ளே வந்து திருத்துவது எல்லோருக்கும் நல்லது.

இதை எழுதியதால் சிலர் கோபிப்பார்கள். சென்ற வருடம் மேடையில் இருந்த பெரியவர்கள் என்னைத் தப்பாக நினைக்கலாம். என் துறையிலேயே "வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டு போய்விட்டார்" என்று சொல்வார்கள். சொல்லட்டும். பெற்றோரின் காசில், பெற்றோரின் பிள்ளைகளை வைத்து நடத்துகிற காரியம் வீட்டு விஷயம் இல்லை.

குரல் பதிவு அனுப்பிய சகோதரருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் மாணவராக இருந்தபோது இந்த மேடையில் கால் நடுங்க நின்றதையும், இரண்டாம் வருடம் நடுங்காமல் பேசியதையும் பார்த்தவன் நான். உங்களுக்குக் கிடைத்ததை உங்கள் மகளுக்கு மறுக்காதீர்கள். கூட்டத்துக்கு வாருங்கள், நேருக்கு நேர் பேசுவோம். உங்கள் தமிழ் நல்லாக இருக்கிறது.

பெற்றோர்களே, பிரேரணையை ஆதரித்தவர்கள் எல்லோரும் அடுத்த கூட்டத்துக்கு நிச்சயம் வருவார்கள். பேசாமல் வீட்டில் இருந்தவர்களின் பெயரால்தான் நமது ஊரில் எப்போதும் முடிவு எடுக்கப்படுகிறது. உம்மாமார் கட்டாயம் வாருங்கள்.

அந்தப் பிள்ளை இப்போது தரம் 10. போன கிழமை கேட்டேன், அந்தக் கடதாசி இருக்கிறதா என்று. இருக்கிறதாம். இந்த வருட நிகழ்ச்சி நிரலில் கிராஅத்துக்கு அடுத்ததாக அவளுடைய பெயரை எழுதி வைத்திருக்கிறேன். உம்மம்மாவுக்கு முன்வரிசையில் ஒரு கதிரை.

விழா நடப்பதும் நடக்காததும் உங்கள் கையில்.

வஸ்ஸலாம்.